ரேஸ் கோர்ஸ் ரோட்டுலேர்ந்து சமர்கந்துக்கு

லிஃப்டுல மாட்டிக்கிட்டா தப்பிக்கவே முடியாது.

போன ஞாயித்துக்கிழமை காலையில, ரெண்டு கையிலயும் தேக்கா மார்க்கெட் பையோட ஏறினேன். எங்க புளோக்குல இருக்கிற ஒரு அம்மாவும் கூட ஏறினாங்க. மூணாவது மாடி தாண்டுறதுக்குள்ள கேட்டாங்க.

"ஏதோ முஸ்லிம் நாட்டுக்குப் போயிட்டு வந்தீங்களாமே? பயமா இல்லியா?"

"இல்லீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சு வச்சேன். வீட்டுக்கு வந்து கத்தரிக்காயைக் கழுவும்போதுதான் கோவம் வந்துச்சு. (எனக்கு எப்பவும் அப்படித்தான். சண்டை முடிஞ்ச பிறகுதான் வாய் திறக்கும்.)

அவங்க கையில என்ன இருந்துச்சு தெரியுமா? பாய் கடை பரோட்டா பொட்டலம். ராத்திரி பதினோரு மணிக்கு முஸ்தபாவுல பருப்பு வாங்குற ஆளு அவங்க. நாங்க குடியிருக்கிறது ஃபேரர் பார்க். இந்தப் பக்கம் நடந்தா பெருமாள் கோயில், அந்தப் பக்கம் நடந்தா அங்குலியா பள்ளிவாசல். ரெண்டுமே சிராங்கூன் ரோட்டுலதான். இங்க இருந்துகிட்டு என்ன பயம்?

அப்படின்னு மனசுக்குள்ளயே ஒரு மேடைப் பேச்சு பேசி முடிச்சேன். அப்புறம் கத்தரிக்காயை நறுக்கும்போது ஒண்ணு உறுத்திச்சு. அதைக் கடைசியில சொல்றேன். மொதல்ல பயணக் கதை.

நாங்க போனது உஸ்பெகிஸ்தான். பதினாலு பேரு. செப்டம்பர் 27 ராத்திரி கிளம்பி, அக்டோபர் 6 வந்து சேர்ந்தோம். ஏற்பாடு எல்லாம் எங்க ராவுத்தர் பாய். காலையில சேர்ந்து நடக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு எங்களுக்கு. நடக்கிறது இருபது நிமிஷம், கோப்பிக்கடையில உக்கார்றது ஒண்ணேகால் மணி நேரம். அங்கதான் பாய் ஒரு நாள், "இமாம் புகாரி பொறந்த ஊரைச் சாகுறதுக்குள்ள பாக்கணும், யாராச்சும் வர்றீங்களா?"ன்னு கேட்டாரு. பாய் கேட்டது அவரோட சொந்தக்காரங்களை. கையைத் தூக்கினது நாங்க எல்லாரும்.

ஆக, ஏழு முஸ்லிம், ஆறு இந்து, ஒரு கத்தோலிக்க டீச்சர். வாட்ஸ்அப் குழுவுக்குப் பேரு 'பட்டுப்பாதை சொந்தங்கள்'. (என் வீட்டுக்காரர் வச்ச பேரு. சந்தாவே கட்டாம தலைவர் ஆனவர்.)

இதுல மூணாம் மாடி அக்காவைப் பத்தித் தனியா சொல்லணும். நாங்க கிளம்பினது புரட்டாசி மாசம். அக்கா புரட்டாசி முழுக்க சைவம். "அக்கா, அது கறி திங்குற ஊரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாமே"ன்னு சொன்னேன். "பெருமாள் எங்கயும் இருக்காரு, காய்கறியும் எங்கயும் இருக்கும்"னாங்க. பெட்டியில பருப்புப் பொடி, எலுமிச்சங்கா ஊறுகாய், முறுக்கு, உப்புமா பாக்கெட்டு, ஒரு குட்டி ரைஸ் குக்கர். நான் எடுத்துக்கிட்டது ஆறு ஷால். தேக்கா மாடியில பேரம் பேசி வாங்கினது. முஸ்லிம் நாடாச்சே, தலையை மூடாம எப்படி நடக்கிறதுன்னு.

(லிஃப்டு அம்மாவைத் திட்டினேன்ல? இந்த ஆறு ஷாலையும் கணக்குல வச்சுக்கிட்டுத் திட்டியிருக்கணும்.)

தாஷ்கண்டுல இறங்கின முதல் நாளே ஷால் எல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சு. தெருவுல பொண்ணுங்க ஜீன்ஸ் போட்டுக்கிட்டு, முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஜம்முனு போறாங்க. பாட்டிமார்தான் பூப்போட்ட துணியை தலையில சுத்திப் பின்னால முடிச்சுப் போட்டிருந்தாங்க. பள்ளிவாசல், அடக்கத்தலம் மாதிரி இடங்களுக்குள்ள போனா மட்டும் தலையை மூடினா போதும். மத்த நேரமெல்லாம் சமர்கந்து காலைக் குளிருக்குத்தான் ஷால் உதவிச்சு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போன இடத்துல பக்கத்து மேசையில பீரு, வோட்கா. பாய் ஒரு மாதிரி ஆயிட்டாரு. எங்களைக் கூட்டிட்டுப் போன பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவன் சொன்னான்: "எங்க தாத்தா காலத்துல தொழுறதையே ஒளிச்சுத்தான் செய்யணும். சோவியத்து காலம். பள்ளிவாசலை எல்லாம் கிடங்காக்கிட்டாங்க. வோட்கா மட்டும் தாராளமா கிடைச்சுது. அந்தப் பழக்கம்." அரசமைப்புச் சட்டப்படி இப்பவும் அது மதச்சார்பற்ற நாடுதான்.

பாங்குச் சத்தம் காதைப் பிளக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். நாங்க தங்கின இடங்கள்ல கேக்கவே இல்ல. சிங்கப்பூர்லயும் 1970கள்ல ஒலிபெருக்கியை உள்பக்கமா திருப்பிட்டாங்க, பாங்கு இப்ப ரேடியோவுலதான். எனக்கு அது பழகிப் போனதால புகாராவுல பாங்கு கேக்கலைன்னு ரெண்டாம் நாள்தான் உறைச்சுது.

காசு விஷயம் ஒரு கூத்து. சிங்கப்பூர்ல மணி சேஞ்சர்கிட்ட "சோம் இருக்கா?"ன்னு கேட்டேன். அவரு என்னமோ நிலாவுக்குக் காசு கேட்ட மாதிரி பாத்தாரு. அமெரிக்க டாலரா எடுத்துட்டுப் போய் அங்க மாத்தணும். அப்ப ஒரு வெள்ளிக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் சோம். நூறு வெள்ளியை மாத்தினா பத்து லட்சம்! என் வீட்டுக்காரர் நோட்டுக் கட்டைப் பையில திணிச்சுக்கிட்டு, "உங்கப்பா கேட்டாருல்ல மாப்பிள்ளைக்கு என்ன வசதின்னு, இப்ப சொல்லு"ங்கறாரு. கழிப்பறைக்குப் போக ரெண்டாயிரம் சோம். ரெண்டாயிரம்னு கேட்டதும் மூணாம் மாடி அக்கா போகாமலேயே திரும்பி வந்துட்டாங்க. நம்ம காசுக்கு இருபது காசுதான்னு நாலு தடவை சொல்லி அனுப்பினோம்.

தாஷ்கண்டு மெட்ரோ 1977-லயே ஓட ஆரம்பிச்சுது. நம்ம எம்ஆர்டிக்குப் பத்து வருஷம் மூத்தது. ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு கல்யாண மண்டபம் மாதிரி. சர விளக்கு, பளிங்குத் தூண். ஒரு ஸ்டேஷன் முழுக்க விண்வெளி வீரர்கள் படம். 2018 வரைக்கும் உள்ள போட்டோவே எடுக்க விடமாட்டாங்களாம். நாங்க உள்ள நுழைஞ்சதும் ஒரு வரிசைப் பிள்ளைங்க மொத்தமா எழுந்து எடம் விட்டாங்க. நம்ம வடகிழக்குப் பாதையில, ஃபேரர் பார்க்குல ஏறினா, பாதி வண்டி கண்ணை மூடித் தூங்கும். (தூக்கமா நடிப்பான்னு அவங்கவங்க மனசாட்சிக்குத்தான் தெரியும்.) எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அக்காவுக்கு மட்டும் முகம் சுண்டிப் போச்சு. "எனக்கு அவ்ளோ வயசா தெரியுது?"

எங்க போனாலும் "ஹிந்துஸ்தான்?"னு கேட்டாங்க. "சிங்கப்பூர்"னு சொன்னா ஒரு நொடி யோசிச்சுட்டு மறுபடி "ஹிந்துஸ்தான்!"னு அவங்களே தீர்ப்பு சொல்லிட்டுக் கையைப் பிடிச்சுக்குவாங்க. ஷாருக் கான்ங்கறாங்க. வயசானவங்களா இருந்தா ராஜ் கபூர், மிதுன் சக்கரவர்த்தி. சோவியத்து நாட்டுல இந்திப் படம் ஓடின ஓட்டம் அப்படி. சோர்சு சந்தையில உலர்ந்த பழம் விக்கிற ஒரு தாத்தா ராஜ் கபூர் பாட்டை முழுசா பாடினாரு. எங்களுக்குத்தான் ரெண்டாவது வரி தெரியல. என் வீட்டுக்காரருக்கு மானப் பிரச்சினை ஆயிடுச்சு. "ரஜினி?"ன்னு கேட்டாரு. தாத்தா முழிச்சாரு. வீட்டுக்காரர் நடுச் சந்தையில மூக்குக் கண்ணாடியைச் சுழற்றிக் காட்டினாரு. கண்ணாடி கீழ விழுந்ததுதான் மிச்சம். தாத்தா பாவம்னு ஒரு கைப்பிடி பாதாம் சேத்துப் போட்டாரு.

சாப்பாட்டு மேசையில பாதி வார்த்தை நமக்குத் தெரிஞ்சதாவே இருக்கும். ரொட்டி 'நோன்', நம்ம நான். சம்சா 'சோம்சா'. வெங்காயம் 'பியாஸ்'. கடைத்தெரு 'போஸோர்'. நன்றிக்கு 'ரஹ்மத்'. எங்க பாய் ஒவ்வொரு தடவையும், "அல்லாவோட அருளைச் சொல்ற சொல்லு அது, இங்க டீ கொடுத்ததுக்கே சொல்றாங்க பாரு"ன்னு பூரிச்சுப் போவாரு. மைதானத்துக்கு 'மைதோன்'. அதைக் கேட்டதும் எனக்கு எங்க ஊரு திடல் ஞாபகம் வந்துச்சு. (ஃபேரர் பார்க் வெறும் எம்ஆர்டி ஸ்டேஷன் இல்லீங்க. 1843-லேர்ந்து குதிரைப் பந்தயம் நடந்த திடல் அது. 1911-ல சிங்கப்பூர்ல முதல் விமானம் பறந்ததும் அங்கதான். 1942 பிப்ரவரி 17-ம் தேதி, பிரிட்டிஷ் படை சரணடைஞ்சதும் நாப்பத்தஞ்சாயிரம் இந்தியச் சிப்பாய்களை அங்கதான் கூட்டி ஜப்பான்காரங்ககிட்ட ஒப்படைச்சாங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் போறவங்க பாதிப் பேருக்குத் தெரியாது.)

இந்த வார்த்தை ஒத்துமையை நம்பி என் வீட்டுக்காரர் ஒரு வேலை செஞ்சாரு. அவருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும்னு ஒரு நெனப்பு. அக்காவுக்காக ஓட்டல்ல போய் "சப்ஜி, சப்ஜி"ன்னு கைய ஆட்டிக் கேட்டாரு. பெரிய தட்டு நிறைய கேரட்டுத் துருவல் வந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல. உஸ்பெக்குல சப்ஜின்னா கேரட்டாம்! அக்கா அமைதியா ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாங்க.

சமர்கந்துக்கு ரயில்ல போனோம், அஃப்ராசியாப்னு பேரு. 344 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரெஜிஸ்தான் சதுக்கத்தைப் பத்தி நான் என்ன எழுத? மூணு பக்கமும் மூணு மதரசா, நடுவுல வெட்டவெளி. நீலம். வேற சொல்லு வரல. அதுல வலது பக்கம் இருக்கிறது ஷேர்தோர். 1619-ல ஆரம்பிச்சு 1636-ல முடிச்சது. வாசல் நெத்தியில ரெண்டு மிருகம், முதுகுல மனுச முகத்தோட சூரியன். பேருக்கு அர்த்தம் 'சிங்கம் உள்ளது'. அண்ணாந்து பாத்தா வரி வரியா புலி! டீச்சர் அப்பதான் சொன்னாங்க. "இதுல என்ன அதிசயம்? சாங் நீல உத்தமா சிங்கத்தைப் பாத்தேன்னு நம்ம ஊருக்குச் சிங்கபுரம்னு பேரு வச்சாரு. இந்தத் தீவுல ஏது சிங்கம்? அவரு பாத்ததும் புலியாத்தான் இருக்கும்." பதினாலு பேரும் நடுச் சதுக்கத்துல நின்னு அப்படிச் சிரிச்சோம்.

தைமூர்கிட்டதான் கொஞ்சம் நெருடிச்சு. 1398-ல டில்லியில அவரு நடத்தின கொலைவெறியைப் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். அங்க போனா ஊருக்கு ஊரு சிலை. புதுசா கல்யாணம் ஆன ஜோடிங்க சிலை முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. பீபீ கானும் பள்ளிவாசலுக்குக் கல்லு சுமந்தது டில்லியிலேர்ந்து ஓட்டிட்டுப் போன யானைங்கதான்னு அந்தப் பையன் பெருமையாச் சொன்னான். யானைங்களை நெனச்சுத்தான் எனக்குப் பாவமா இருந்துச்சு. அந்தக் குளிர்ல! பாய் மெதுவாச் சொன்னாரு: "டில்லியில செத்தவங்கள்ல முஸ்லிமும் இருந்தாங்கம்மா." நான் அதை யோசிச்சதே இல்ல.

ஷாஹி ஸிந்தான்னு ஒரு இடம். நபியோட ஒன்றுவிட்ட சகோதரர் குஸம் இப்னு அப்பாஸ் அடங்கியிருக்கிறதா நம்புறாங்க. மேல போறதுக்குச் செங்குத்தாப் படிக்கட்டு. ஏறும்போது எண்ணின கணக்கும் இறங்கும்போது எண்ணின கணக்கும் ஒண்ணா வந்தா பாவம் இல்லாத ஆளாம். எனக்கு ஏறும்போது 40, இறங்கும்போது 38. வீட்டுக்காரர் பாதியில போன் பேசினதால கணக்கு விட்டுப் போச்சு. அதுவே பதில்.

டீ கதையைச் சொல்லாம விட்டா அக்கா கோவிச்சுக்குவாங்க. புகாராவுல நாங்க தங்கினது ஒரு பழைய வீடு. வீட்டுக்காரப் பாட்டி டீயைக் கிண்ணத்துல ஊத்துறாங்க, மறுபடி கூஜாவுக்குள்ளயே ஊத்துறாங்க. மூணு தடவை. (நம்ம தே தாரிக் ஆத்துற மாதிரின்னு நெனச்சேன். உயரம்தான் இல்ல.) அப்புறம் ஆளுக்கு அரைக் கிண்ணம் கொடுத்தாங்க. அரையே அரை. அக்கா என் காதுல, "கஞ்சப் பாட்டியா இருக்கும் போல. நம்ம வீட்டுல இப்படி ஊத்தினா வந்தவங்க மூஞ்சியில முழிக்க முடியுமா?"ன்னாங்க. பையன்கிட்ட கேட்டா கதை தலைகீழ். அரைக் கிண்ணம் ஊத்தினாத்தான் மரியாதை. திரும்பத் திரும்ப எழுந்து வந்து ஊத்துறேன், ஆறிப் போகாம குடி, கூட இருன்னு அர்த்தம். விளிம்பு வரைக்கும் ஊத்திட்டா, குடிச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தமாம்!

அக்கா அன்னிக்கு ஒன்பது அரைக் கிண்ணம் குடிச்சாங்க. ராத்திரி தூங்கல.

அதே வீட்டுல என் வீட்டுக்காரர் ரொட்டியைக் கவுத்து வச்சுட்டாரு. பாட்டி ஒண்ணும் சொல்லல. கிட்ட வந்து நிமித்தி வச்சுட்டுப் போனாங்க. ரொட்டியைக் கவுக்கக் கூடாதாம், கத்தியால வெட்டவும் கூடாதாம். கையாலதான் பிக்கணும். சிந்தின சோத்தை மிதிச்சா எங்கம்மா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கச் சொல்வாங்க. அந்தப் பாட்டியோட கை எங்கம்மா கை மாதிரியே இருந்துச்சு.

சாப்பிட்டு முடிச்சதும் பாட்டி ரெண்டு கையையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்துட்டு "ஓமின்"னு முகத்தைத் தடவிக்கிட்டாங்க. பாயும் பாய் வீட்டு அக்காவும் "ஆமீன்". டீச்சர் பழக்கதோஷத்துல "ஆமென்". நான் என்ன பண்றதுன்னு தெரியாம, தீபாராதனைத் தட்டு வந்தா செய்வேன்ல, அதே மாதிரி கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். பாத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் செஞ்சிருக்கோம்.

புகாரா பேரைக் கேட்டதிலேர்ந்து என் வீட்டுக்காரர் (அவரு சென்னைக்காரர்) மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு. 1951-ல தொடங்கினது, சிக்கன் 65 பொறந்த எடம், அது இதுன்னு. பாய் பொறுத்துப் பாத்துட்டு வகுப்பெடுத்தாரு: இமாம் புகாரி 810-ல இந்த ஊர்ல பொறந்தவரு. சமர்கந்து பக்கத்துல ஒரு கிராமத்துல 870-ல இறந்தாரு. ஹதீஸ்களைத் தேடித் திரட்டிச் சலிச்சுத் தொகுத்தாரு. ஊருப் பேரு அவருக்கு வந்து, அவரு பேரு உலகம் பூரா முஸ்லிம் பிள்ளைங்களுக்குப் போய், அதுல ஒண்ணு மவுண்ட் ரோடு போர்டுல ஏறிச்சு. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டாரு. கடைசியில, "அப்போ இங்க சிக்கன் 65 கிடைக்காதா?"ன்னாரு.

அந்த ஊர்ல லப்பி ஹவுஸ்னு ஒரு குளம். கரையில கழுதை மேல முல்லா நஸ்ருதீன் சிலை. சின்ன வயசுல நான் படிச்ச முல்லா கதை எல்லாம் திரும்ப வந்துச்சு. கழுதைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தவங்க பதினாலு பேர். யாரைக் கழுதைன்னு சொல்றதுன்னு குழுவுல இன்னும் சண்டை.

இப்ப அந்த முக்கியமான எடம். புகாராவுல கல்யான் பள்ளிவாசல். பக்கத்துல 1127-ல கட்டின மினாரா, நாப்பத்தாறு மீட்டர் உயரம். பாயும் ஆம்பளைங்களும் தொழப் போயிட்டாங்க. நாங்க முத்தத்துல மரத்தடியில. அக்கா சுத்திச் சுத்திப் பாத்துட்டு, பாய் வீட்டு அக்காகிட்ட மெதுவா கேட்டாங்க.

"சாமி எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லக்கா. அந்தச் சுவத்துல வளைவு தெரியுதுல்ல? அது திசை மட்டும் காட்டும்."

"திசை மட்டுமா?"

"திசை மட்டும்தான்."

அக்கா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "அப்போ முன்னாடி போய் நிக்கணும்னு இடிச்சுக்க வேண்டியதில்ல"ன்னாங்க. பாய் வீட்டு அக்கா சிரிச்ச சிரிப்புல புறா எல்லாம் பறந்துச்சு.

நான் சிரிக்கல. அந்த மரத்தடியிலதான் எனக்குத் திடீர்னு தோணிச்சு: பள்ளிவாசல் உள்ள நான் கால் வைக்கிறது இந்தப் பயணத்துலதான் முதல் தடவை. எனக்கு வயசு 54. பொறந்ததிலேர்ந்து சிராங்கூன் ரோடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துல அங்குலியா வாசல்ல கூட்டமா இருக்கும்னு எதிர்ப்பக்கம் மாறி நடக்கத் தெரியும். எந்த நேரத்துல கூட்டம் கலையும்னு தெரியும். வாசல்ல விக்கிற அத்தரு வாசனை தெரியும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதுக்கு நான் புகாராவுக்கு விமானம் ஏற வேண்டியிருந்துச்சு.

லிஃப்டுல அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாததுக்குக் காரணம் இதுதான்னு கத்தரிக்காய் நறுக்கும்போது புரிஞ்சுது.

சரி, இன்னும் ஒரு கதை பாக்கி, குதிரைக் கதை.

கடைசி நாள், அக்டோபர் 5, சனிக்கிழமை. தாஷ்கண்டுல பிலாவ் சாப்பிடுறதுக்குன்னே ஒரு பெரிய எடம். ஆளு உள்ள உக்காந்து குளிக்கலாம், அவ்ளோ பெரிய இரும்புக் கொப்பரை. அதுல ஆட்டுக்கறி, மஞ்சள் கேரட்டு, கொண்டைக்கடலை, திராட்சை, எல்லாம் சேர்ந்து அரிசி பளபளன்னு. பிரியாணியோட தாத்தான்னு வச்சுக்கோங்க. மசாலா கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. (2016-ல யுனெஸ்கோ பட்டியல்ல பிலாவ் ஏறிடுச்சு. நம்ம உணவங்காடிக் கலாசாரம் 2020-லதான். சும்மா சொல்லி வைக்கிறேன்.) மேல மெல்லிசா, வட்ட வட்டமா, கருஞ்சிவப்பா ஒரு கறி. என் வீட்டுக்காரர் நாலு துண்டு எடுத்தாரு. நான் மூணு. நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் உப்பு.

"இது என்ன மட்டன் தம்பி?"

"மட்டன் இல்ல மாமா. கஸி."

"கஸின்னா?"

பையன் ரெண்டு கையையும் முன்னால நீட்டி லகான் பிடிக்கிற மாதிரி குலுக்கிக் காட்டினான்.

மேசையே அமைதி.

எங்க குழுவுல ஒரு காயல்பட்டினத்து மாமா உண்டு. அவரு ஷாஃபி, பாய் ஹனஃபி. "எங்க மத்ஹபுல குதிரை ஆகும்"னு மாமா இன்னொரு துண்டு எடுத்தாரு. "எங்க இமாம் மக்ரூஹ்னு சொல்லியிருக்காரு, வெறுத்து ஒதுக்க வேண்டியது"ன்னு பாய் தட்டைத் தள்ளினாரு. பையன் சாவகாசமா, "நாங்களும் ஹனஃபிதான்"னு சொல்லிக்கிட்டே அள்ளிச் சாப்பிட்டான். அந்த வாதம் விமானம் ஏறுற வரைக்கும் ஓடிச்சு.

எனக்கு வேற கவலை. எங்க தாத்தா ரேஸ் கோர்ஸ்ல குதிரைக்காரரா இருந்தவரு. கொள்ளு ஊற வச்சு, ஈரத் துணியால உடம்பைத் துடைச்சு, பிள்ளை மாதிரி வளத்தவரு. 1933-ல பந்தயத்தை புக்கிட் தீமாவுக்கு மாத்தினப்போ அவரு கூடப் போகல, குதிரையை விட்டுப் பிரிஞ்சதுக்கு அழுதாருன்னு அப்பா சொல்வாங்க. எங்க வீடு இன்னைக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பக்கம். அந்த வம்சத்துல வந்தவ மூணு துண்டு!

இதுல என் வீட்டுக்காரருக்குப் போன்ல ஒரு சேதி. கிராஞ்சியில அன்னிக்குத்தான் சிங்கப்பூரோட கடைசிக் குதிரைப் பந்தயம். 180 வருஷத்துக்கும் மேல நடந்தது அன்னியோட சரி. நான் தண்ணி குடிச்சுட்டு வெளிய போய் நின்னுக்கிட்டேன்.

ஊருக்கு வந்த மறு வாரம் பாய்கிட்ட கேட்டேன். "பாய், டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா?" அவரு கோப்பியைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தாரு.

"இதை நாப்பது வருஷம் முன்னால கேட்டிருந்தாலும் கூட்டிட்டுப் போயிருப்பேனே. நீங்க கேக்கவே இல்லியேம்மா."

பதில் இல்ல என்கிட்ட. போனோம். 1907-ல கட்ட ஆரம்பிச்சு 1927-ல முடிச்சது. பச்சையும் மஞ்சளுமா இருக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க, வெளிய நின்னு. வாசலுக்கு மேல சூரியன் மாதிரி ஒரு வேலைப்பாடு, இருபத்தஞ்சு கதிர். ஒவ்வொரு கதிர்லயும் ஒரு நபியோட பேரு அரபியில. பாய் விரலை நீட்டி ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினாரு. என் ஆறு ஷால்ல ஒண்ணு அன்னிக்குத்தான் ஒழுங்கா உபயோகப்பட்டுச்சு. அங்குலியாவுக்கு இன்னும் போகல. தீபாவளிப் பலகாரம் முடியட்டும்.

கடைசியா ஒரு விஷயம். இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்.

மூணாம் மாடி அக்கா அந்த எட்டு நாளும் எப்படிச் சமாளிச்சாங்கன்னு நெனக்கிறீங்க? தக்காளி, தர்பூசணி, நான், தயிர். அதோட தினம் ரெண்டு பூசணிக்காய் சம்சா. தந்தூர் அடுப்புல சுட்டது, மேல எள்ளு. "பாத்தியா, பெருமாள் எங்கயும் இருக்காருன்னு சொன்னேன்ல"ன்னு தினமும் ஒரு தடவை சொல்வாங்க. ஏர்போர்ட்டுல அந்தப் பையன்கிட்ட, வீட்டுல செஞ்சு பாக்கலாமேன்னு செய்முறை கேட்டேன். பூசணி, வெங்காயம், சீரகம், மிளகு, அப்புறம் ருசிக்குச் செம்மறியாட்டு வால் கொழுப்பு, பொடிப்பொடியா நறுக்கிப் போடணுமாம். அது இல்லேன்னா சம்சாவே இல்லியாம்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை அக்காவோட பெருமாள் கோயிலுக்குப் போனேன். அவங்க கண்ணை மூடி நிம்மதியாக் கும்பிட்டாங்க. நான் பெருமாளை நிமிர்ந்து பாக்கல.

அக்கா வலைப்பதிவெல்லாம் படிக்கிற ஆள் இல்ல. படிக்கிற நீங்க யாராவது தேக்காவுல அவங்களைப் பாத்தா, கேரட்டுக் கதையைச் சொல்லிச் சிரிங்க, டீக் கதையைச் சொல்லிச் சிரிங்க. சம்சாவைப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க.